எடை இறங்கியது, எல்.டி.எல். ஏறியது: கீட்டோ உணவுக்காரர்கள் போட வேண்டிய கணக்கு

கீட்டோ உணவுக்கு மாறி நான்கைந்து மாதம் ஆன ஒருவர், காலையில் வெறும் வயிற்றோடு லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார். மாலையில் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. இருநூற்றுச் சொச்சமாக இருந்த டிரைகிளிசரைடு எண்பதுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. எச்.டி.எல். ஏறியிருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரை அளவு அருமையாகக் குறைந்திருக்கிறது. எல்.டி.எல். என்ற வரிக்கு நேரே மட்டும் தடித்த எழுத்தில் 230 என்று இருக்கிறது. குடும்ப டாக்டர் உடனே மாத்திரை எழுதுகிறார். டயட் குழுவில் இருக்கும் நண்பர்களோ, "டிரைகிளிசரைடு குறைஞ்சிருச்சில்ல? எல்.டி.எல்.லை எல்லாம் கண்டுக்காதீங்க" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் குழம்பிப்போகிறவர்கள் நம் ஊரில் ஏராளம்.

கீட்டோ உணவு எடை குறைப்பதற்காகப் பிறந்ததல்ல. வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸல் வைல்டர் அதை முன்வைத்தார். மாவுச்சத்தை நாளுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் சுருக்கினால், உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்கி அவற்றில் ஓடத் தொடங்கும். தமிழ்நாட்டில் இது 'பேலியோ' என்ற பெயரில், ஃபேஸ்புக் குழுக்கள் வழியாக வீடுவீடாகப் புகுந்தது. நெய்யில் வறுத்த நூறு பாதாம், பட்டர் டீ, மதியம் நான்கு முட்டையும் காய்கறியும், இரவு மட்டன் அல்லது பனீர் என்று பட்டியல் போட்டுச் சாப்பிட்டவர்கள் பல்லாயிரம் பேர். அசல் பேலியோவில் பாலும் நெய்யும் கிடையாது. ஆகவே நம்மூர்ப் பேலியோ நடைமுறையில் கீட்டோவின் தம்பிதான்.

அது இங்கே இவ்வளவு பரவியதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் எடுக்கப்பட்டு 2014இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வில், 72.3 விழுக்காட்டினருக்கு எச்.டி.எல். குறைவாக இருந்தது. 29.5 விழுக்காட்டினருக்கு டிரைகிளிசரைடு அதிகம். மூன்று வேளையும் அரிசியையும் மைதாவையும் சுற்றி வரும் தட்டு, உட்கார்ந்த வேலை, தொப்பை, சர்க்கரை நோய் எல்லாம் சேர்ந்து உருவாக்கும் இந்திய முத்திரை இது. மாவுச்சத்தைக் குறைத்ததும் இந்த இரண்டு எண்களும் சீராகின்றன. அமெரிக்காவின் இண்டியானாவில் 262 சர்க்கரை நோயாளிகளுக்குக் கீட்டோ உணவு கொடுத்து ஓராண்டு கவனித்த ஆய்வு 2018இல் வெளியானது. டிரைகிளிசரைடு சராசரியாக 24 விழுக்காடு குறைந்தது, எச்.டி.எல். 18 விழுக்காடு கூடியது. எல்.டி.எல். ஏறக்குறைய 10 விழுக்காடு ஏறியது. இந்த உணவால் பலன் பெற்றோம் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்க்கத் தவறுவது அந்தக் கடைசி எண்ணைத்தான்.

ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதில் இருக்கும் எல்லா எண்ணும் அளந்து எழுதியவை அல்ல. மொத்தக் கொலஸ்ட்ரால், எச்.டி.எல்., டிரைகிளிசரைடு மூன்றையும் லேப் நேரடியாக அளக்கிறது. எல்.டி.எல்.லைப் பெரும்பாலும் கணக்குப் போட்டு எழுதுகிறது. 1972இல் ஃபிரீடுவால்டும் அவருடைய சகாக்களும் கொடுத்த சூத்திரம் அது. டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் வி.எல்.டி.எல்.; மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் அந்த வி.எல்.டி.எல்.லையும் கழித்தால் மிச்சம் எல்.டி.எல்.

விளக்கத்துக்காக ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் நூறு மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற அளவில். கீட்டோவுக்கு முன்பு ஒருவருக்கு மொத்தம் 212, எச்.டி.எல். 36, டிரைகிளிசரைடு 240. வகுத்துக் கழித்தால் எல்.டி.எல். 128. ஐந்து மாதத்துக்குப் பின்பு மொத்தம் 312, எச்.டி.எல். 68, டிரைகிளிசரைடு 72. இப்போது எல்.டி.எல். 229.6. மொத்தத்தை எச்.டி.எல்.லால் வகுத்துக் கிடைக்கும் விகிதம், முன்பு 5.9 ஆக இருந்தது 4.6க்கு இறங்கியிருக்கிறது. டயட் குழுக்களில் கைதட்டல் வாங்கித் தருவது இந்த விகிதம்தான்.

அதே தாளில் வேறொரு கழித்தலையும் போட்டுப் பார்க்க வேண்டும். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்தால் வருவது 'நான்-எச்.டி.எல்.'. ரத்தக் குழாய்ச் சுவருக்குள் நுழைந்து படியக்கூடிய எல்லாத் துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ரால் இது. மாதிரி ஆளுக்கு முன்பு 176, இப்போது 244. விகிதம் அழகாகிவிட்டது, ஆனால் குழாயில் ஓடும் ஆபத்தான சரக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிட்டது. விகிதம் என்பது இரண்டு எண்களின் உறவைச் சொல்வது. மேலே இருப்பது ஏறினாலும், கீழே இருப்பது அதைவிட வேகமாக ஏறினால் விகிதம் குறையும். அதை வைத்து நிம்மதி அடைவது தவறு.

சூத்திரத்தில் ஒரு குறை இருக்கிறது என்பது உண்மை. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. மிகக் குறைவாக இருந்தால் எல்.டி.எல்.லைச் சற்றுக் கூட்டிக் காட்டலாம். கீட்டோக்காரர்கள் இதை ஒரு வாதமாகவே வைக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் 'டைரக்ட் எல்.டி.எல்.' என்று கேட்டு அளந்து பார்க்கலாம். சில புள்ளிகள் குறையக்கூடும். 230 என்பது 120 ஆகிவிடாது.

இதைவிடப் பயனுள்ள பரிசோதனை அப்போ-பி. எல்.டி.எல். எண் கொலஸ்ட்ராலின் எடையைச் சொல்கிறது. அப்போ-பி துகள்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது. கோயம்பேட்டுக்கு ஒரு ராத்திரியில் இத்தனை டன் காய்கறி வந்தது என்பது வேறு, இத்தனை லாரி வந்தது என்பது வேறு. சாலை நெரிசல் லாரிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எல்.டி.எல்., வி.எல்.டி.எல். போன்ற ஒவ்வொரு துகளின் மேலும் அப்போ-பி புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்பதால், அதை அளந்தால் துகள்களை எண்ணியதாகிவிடும். இண்டியானா ஆய்வில் எல்.டி.எல். ஏறியபோதும் அப்போ-பி சராசரியாக மாறவில்லை. அப்படிப்பட்டவருக்கு எல்.டி.எல். சற்று ஏறியது அவ்வளவு கவலைக்குரியதல்ல. இரண்டும் சேர்ந்து ஏறினால் கவலைப்பட்டே ஆக வேண்டும். பெரிய நகரங்களின் லேப்களில் இந்தப் பரிசோதனை இப்போது சாதாரணமாகவே கிடைக்கிறது.

சரி, எல்.டி.எல். ஏன் ஏறுகிறது? எல்லோருக்கும் ஒரே காரணம் இல்லை.

எடை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது, கொழுப்புத் திசுவில் தேங்கியிருந்த கொலஸ்ட்ராலும் ரத்தத்துக்கு வருகிறது. 1991இல் ஸ்டீவன் ஃபின்னி குழுவினர் பருமனான ஆறு பெண்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், கொலஸ்ட்ரால் முதலில் இறங்கி, எடைக் குறைப்பின் நடுவே ஏறி, எடை ஒரு நிலைக்கு வந்தபின் மறுபடி இறங்கியது. அதனால் மாதம் மூன்று கிலோ குறைந்துகொண்டிருக்கும் நேரத்தில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து ஆயுள் முழுவதற்குமான முடிவை எடுக்க வேண்டியதில்லை. எடை நின்று சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்கலாம்.

இரண்டாவது காரணம் நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், கொழுப்பு மட்டன். இவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்ளும் கல்லீரலின் ஏற்பிகளை மந்தமாக்குகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 விழுக்காடும் நெய்யில் 60 விழுக்காடு அளவுக்கும் நிறைவுற்ற கொழுப்புதான். நல்லெண்ணெயில் அது 15 விழுக்காடு அளவே. தேங்காய் எண்ணெயைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் 'சர்க்குலேஷன்' இதழில் வந்த கட்டுரை, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது எல்.டி.எல்.லைச் சுமார் 10 புள்ளி ஏற்றுகிறது என்றது. முட்டை மேல் பலருக்கும் பழி போடத் தோன்றும். பெரும்பாலானவர்களுக்கு முட்டைக் கருவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட, அந்த முட்டையைப் பொரித்த நெய்யே பெரிய காரணம்.

மூன்றாவது காரணம்தான் மருத்துவர்களையே வியக்க வைத்தது. உடல் மெலிந்தவர்களுக்குத்தான் கீட்டோவில் எல்.டி.எல். தாறுமாறாக ஏறுகிறது! நார்வேயில் சாதாரண எடையுள்ள ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் மாவுச்சத்தை மிகவும் குறைத்துச் சாப்பிட வைத்தபோது, எல்.டி.எல். சராசரியாக 44 விழுக்காடு ஏறியது. ஒருவருக்கு 5 விழுக்காடு, இன்னொருவருக்கு 107 விழுக்காடு என்று ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். 41 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வந்த இன்னொரு கட்டுரை, உடல் நிறை எண் 25க்குக் கீழ் உள்ளவர்களுக்கு எல்.டி.எல். சராசரியாக 41 புள்ளி ஏறுகிறது, 35க்கு மேல் உள்ளவர்களுக்குச் சற்றே இறங்குகிறது என்று காட்டியது. எல்.டி.எல். 200க்கு மேல், எச்.டி.எல். 80க்கு மேல், டிரைகிளிசரைடு 70க்குக் கீழ் என்று மூன்றும் ஒருசேர அமைந்த மெலிந்த மனிதர்களுக்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். உடம்பில் சர்க்கரை இருப்பு தீர்ந்துபோன நிலையில், தசைகளுக்கு எரிபொருளாகக் கொழுப்பைச் சுமந்து செல்லக் கல்லீரல் அதிகத் துகள்களை அனுப்புகிறது. சுமையை இறக்கிய துகள்கள் எல்.டி.எல்.லாக மிஞ்சுகின்றன என்பது ஒரு கருதுகோள்.

இந்தக் கருதுகோளை நிக் நார்விட்ஸ் என்ற ஹார்வர்டு மருத்துவ மாணவர் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். கீட்டோ உணவில் இருந்த அவருடைய எல்.டி.எல். 384. மற்றச் சாப்பாட்டை மாற்றாமல் தினம் 12 ஓரியோ பிஸ்கட் வீதம் 16 நாள் சாப்பிட்டார். எல்.டி.எல். 111க்கு விழுந்தது. இடைவெளி விட்டு, 421 ஆக இருந்தபோது, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் மாத்திரையை ஆறு வாரம் எடுத்தார். அது 284க்குத்தான் இறங்கியது. 2024இல் வெளியான இந்தச் சோதனையைப் படித்துவிட்டு யாரும் மாத்திரைக்குப் பதில் பிஸ்கட் வாங்கப் போகக் கூடாது; செய்தவரே அப்படிச் சொல்லவில்லை. ஒரே ஒருவரின் உடம்பில் நடந்தது அது. ஆனால் மெலிந்தவர்களுக்கு அதில் நடைமுறைப் பாடம் இருக்கிறது. கொஞ்சம் மாவுச்சத்தைத் திரும்பச் சேர்த்தாலே எண் சரசரவென்று இறங்க வாய்ப்புண்டு. அதற்குப் பிஸ்கட் வேண்டாம். ஒரு கிண்ணம் சுண்டலோ, ஒரு கொய்யாவோ, சிறு அளவு கேழ்வரகோ போதும்.

மரபால் வரும் உயர் கொலஸ்ட்ராலையும் இங்கே சொல்லியாக வேண்டும். 250 முதல் 300 பேருக்கு ஒருவருக்கு எல்.டி.எல். ஏற்பியில் பிறவியிலேயே குறை இருக்கிறது. பலருக்கும் அது தெரியாது. ஏதோ ஒரு டயட்டுக்காக ரத்தம் பார்க்கும்போது வெளிப்படும். எல்.டி.எல். 190க்கு மேல் இருந்து, அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ நாற்பதுகளில் மாரடைப்பு வந்திருந்தால், குதிகால் தசைநார் தடித்திருந்தால், பழியைக் கீட்டோ மீது போட்டுவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது.

"துகள் பெரிதாக இருந்தால் ஆபத்தில்லை, சின்னத் துகள்தான் கெட்டது" என்ற வாதம் குழுக்களில் ஓயாமல் ஒலிக்கும். அதற்குப் பதில் இந்த மரபு நோயிலேயே இருக்கிறது. அவர்களுடைய எல்.டி.எல். துகள்கள் பொதுவாகப் பெரியவை. அவர்களுக்குத்தான் இளம் வயதிலேயே மாரடைப்பு வருகிறது. ஏற்பியைக் கண்டறிந்து அந்த நோயின் மூலத்தைச் சொன்னதற்காக மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கு நேர்மாறான இயற்கைச் சோதனையும் உண்டு. பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு செயலிழந்து பிறந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். 28 விழுக்காடு குறைவாக இருந்தது. அவர்களுக்கு இதயக் குழாய் நோய் 88 விழுக்காடு குறைவு என்று 2006இல் தெரியவந்தது. பிறந்தது முதல் எல்.டி.எல். குறைவாக இருப்பவர் தப்பிக்கிறார், அதிகமாக இருப்பவர் மாட்டிக்கொள்கிறார். ஆக, எல்.டி.எல். வெறும் சாட்சி என்ற பேச்சு எடுபடாது. அதற்கும் நோய்க்கும் காரண-காரிய உறவு இருக்கிறது.

கீட்டோவால் ஏறிய எல்.டி.எல்.லும் அதே அளவு கெடுதல் செய்யுமா என்பது மட்டும் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. பிரிட்டனின் 'யுகே பயோபேங்க்' தரவில், மாவுச்சத்து குறைந்த கொழுப்பு மிகுந்த உணவு சாப்பிட்ட 305 பேரையும் வழக்கமான உணவு சாப்பிட்ட 1,220 பேரையும் சராசரியாக 11.8 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முதல் குழுவில் 9.8 விழுக்காட்டினருக்கும் இரண்டாவதில் 4.3 விழுக்காட்டினருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தன. ஒரே ஒரு நாள் சாப்பாட்டைக் கேட்டு எழுதிய தகவல் என்பதால் இதை இறுதித் தீர்ப்பாக எடுக்க முடியாது. 'ஒன்றும் ஆகாது' என்று ஆள் மாற்றி ஆள் சொல்வதற்கு அந்த அளவுச் சான்றுகூடக் கிடையாது. பல பத்தாண்டு ஆய்வுகள் ஒரு பக்கம் நிற்கும்போது, விதிவிலக்கு என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

ரத்தம் கொடுக்கும் முறையிலும் சிலர் தாமாகவே குழப்பத்தை விலைக்கு வாங்குகிறார்கள். கீட்டோவோடு சேர்த்து இரண்டு நாள், மூன்று நாள் விரதம் இருந்து, அதன் முடிவில் போய் ரத்தம் கொடுப்பார்கள். மெலிந்தவர்களுக்கு நீண்ட பட்டினியே எல்.டி.எல்.லை ஏற்றிவிடும். வேறு சிலர் பட்டர் காபியைச் 'சாப்பாடு இல்லை' என்று நினைத்துக் குடித்துவிட்டுப் போவார்கள், டிரைகிளிசரைடு எகிறும். 12 மணி நேரம் தண்ணீர் மட்டும், அதே லேப், காய்ச்சல் எதுவும் இல்லாத நாள் என்று வைத்துக்கொண்டால் இரண்டு ரிப்போர்ட்டை ஒப்பிட முடியும். டயட் தொடங்கும் முன் ஒரு ரிப்போர்ட் எடுத்து வைக்காதவர்கள்தான் அதிகம். பின்னால் ஒப்பிடுவதற்கு அவர்களிடம் எதுவுமே இருக்காது. கூடவே தைராய்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும்.

எத்தனை இருந்தால் சரி? இந்திய இதயவியல் சங்கம் 2024இல் முதன்முறையாகத் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆபத்து குறைந்தவர்களுக்கு எல்.டி.எல். 100க்குக் கீழும் நான்-எச்.டி.எல். 130க்குக் கீழும் இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றால் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு எல்.டி.எல். 70க்குக் கீழே. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு 55க்குக் கீழே. லிப்போபுரோட்டீன்-ஏ என்ற மரபுவழித் துகளை ஒருமுறையாவது பார்க்கும்படியும் அது சொல்கிறது. இந்தியர்களில் கால்வாசிப் பேருக்கு அது அதிகம். எந்த டயட்டும் அதைப் பெரிதாக மாற்றாது. அது 50 மில்லிகிராமுக்கு மேல் உள்ள ஒருவர், கீட்டோவால் எல்.டி.எல்.லையும் 230க்கு ஏற்றிக்கொள்வது இரட்டைச் சுமை.

கீட்டோவைத் தொடர விரும்புகிறவர்கள் முதலில் கொழுப்பை மாற்றிப் பார்க்கலாம். பட்டர் டீயை நிறுத்தலாம். நெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பதில் நல்லெண்ணெய், மட்டனுக்குப் பதில் மத்தி, அயிலை, கோழி. கீரை, வெண்டை, அவரை தாராளமாக. மோரில் இசப்கோல் உமி ஒரு ஸ்பூன். மெலிந்தவராக இருந்தால் மாவுச்சத்தை 50, 100 கிராம் வரை ஏற்றலாம். இதைச் சில வாரங்கள் தவறாமல் செய்துவிட்டு மறுபடி லிப்பிட் புரொஃபைலும் அப்போ-பியும் பார்த்தால், உணவால் எவ்வளவு இறங்கும் என்று தெரிந்துவிடும். அப்படியும் இறங்காவிட்டால், அந்த டயட் அந்த உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று ஏற்றுக்கொண்டு விடலாம், அல்லது டாக்டரோடு பேசி மாத்திரை எடுக்கலாம். இரண்டிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை கிலோ குறைந்திருக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள் எந்தக் குழுவில் யார் சொன்னாலும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம்.